குறைந்த மின்னழுத்தத்தில் தங்கம்

காரைக்காலிலிருந்து அமலதாஸ் கொண்டுவந்த
கிராமபோனில் நான்கு மஞ்சள்.

சவுண்டு பாக்ஸ் சிவந்திருந்தது,
உள்ளிருந்து செம்பு எட்டிப் பார்க்கும் சிவப்பு.
வளைந்த கை, வெளிர் எலுமிச்சை.
மூடிக் கொக்கியில் லேசாகப் பச்சை,
வெள்ளி கொஞ்சம் கூடிப்போன தொட்டியில் முங்கியது.
சாவிக்கோலை என்னவென்று சொல்ல?
நேற்று வைத்த மீன்குழம்பின் மேல் நிற்கும் எண்ணெய்.

"நாலு மெஷினை உடைச்சு ஒண்ணாக்கினதுன்னு
கோயமுத்தூர்க்காரர் பாதி விலைக்குக் கேக்கறாருக்கா.
எல்லாத்தையும் ஒரே கலராக்கிடுங்க."
எந்தக் கலர்?
"நெல்லு மாதிரி."
எந்த நெல்லு?
அவர் பழைய சாமான் விற்பவர். மீசையைத் தடவினார்.

திருகாணிகளைக் கழற்றினேன்.
பாக்ஸின் முதுகில், கையின் அடிவயிற்றில்,
கொக்கியின் உள்மடிப்பில், சாவியின் கழுத்தில்
ஒரே உளி தட்டிய ஒரே எண்:
நானூற்றுப் பதினேழு.
ஏழின் கால் நாலிலும் ஒரே மாதிரி கோணல்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான்.
முங்கிய வேளை வேறு.
காலையில் இன்னும் சூடேறாத கரைசல்,
சாயங்காலம் தங்கம் தீர்ந்துகொண்டிருந்த கரைசல்,
நடுவில் நிக்கல் பூச மறந்த ஒருவன்.
அவன் விட்டுப்போன இடத்தில்
எண்பது வருஷமாகச் செம்பு மேலேறிக்கொண்டிருக்கிறது.

எனக்குத் தெரியும் இது.
மேட்டூர் திறக்காத வருஷம்
பம்புசெட்டெல்லாம் ஒன்றாக உறுமும்.
மகாமகக் குளத்துக்குப் பின்சந்தில்
என் ரெக்டிஃபையர் முள்
பசித்த மாடு போலத் தலையைத் தொங்கப்போடும்.
அந்த ஆவணியில் நான் முலாம் போட்ட
சங்கிலிகள் எல்லாமே வெளிறல்.
ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.
கல்யாணம் முடிந்தபின் நிறத்தை யார் பார்க்கிறார்கள்.

எண்ணைக் காட்டினேன்.
அமலதாஸ் கண்ணாடி போட்டுப் பார்த்தார்,
கழற்றிவிட்டுப் பார்த்தார்.
"நெசந்தான். ஆனா வாங்கறவர்
திருப்பிப் பாக்க மாட்டாரே."
ஐயாயிரம் முன்பணம் மேசைமேல் இருந்தது.
மின்விசிறிக்கு அது படபடத்தது.
மேலே ஸ்பானரை வைத்தேன்.

எண்கள்மேல் மட்டும் மெழுகு தடவினேன்,
கட்டைவிரல் அகலத்துக்கு.
அதற்கு அவர் காசு கொடுக்கவில்லை, கேட்கவுமில்லை.
மீதியைத் தேய்த்தேன். அமிலம், தண்ணீர்,
நிக்கல், மறுபடி தண்ணீர்.
அறுபது டிகிரியில் தொட்டி தயார்.

கை இறங்கி ஏறியது, நல்ல மஞ்சள்.
பாக்ஸ், அதே மஞ்சள்.
சாவியும் தப்பவில்லை.
கொக்கி உள்ளே இருக்கும்போது
திருவலஞ்சுழிப் பக்கமோ எங்கேயோ
எவனோ மோட்டார் போட்டான்.
இந்த வருஷமும் ஜூன் பன்னிரண்டு சும்மாதான் போனது.
முள் சாய்ந்தது.

வெளியே எடுத்து வெயிலில் பிடித்தேன்.
அரை மாற்று வெளிறல்.
மற்ற மூன்றின் பக்கத்தில் வைத்தால்
தெரியும், தெரியாது, தெரியும்.

ரசீது எழுதினேன்.
உருப்படி: நான்கு.
நிறம்: நெல்.