எழுபத்துமூன்றாம் துண்டு

பத்தரை. வாங்கில் இன்னும் நாற்பது பேர்.
ஆளுக்கு நாலு நிமிடம் என்று பார்த்தாலும்
ஊர்காவற்றுறையின் மத்தியானப் பஸ் போய்விடும்.
அதில் போகவேண்டியவர்கள்
என் கதவையே பார்த்தபடி இருக்கிறார்கள்.

எமில்டா கொப்பியை நீட்டுகிறாள்.
பள்ளிக்கூடக் கொப்பி, பாதியாய் வெட்டியது.
பின்னட்டையில் வாய்ப்பாடு
ஆறோடு அறுந்து நிற்கிறது.

"முதல் நாரி, டொக்டர். குனிஞ்சால் நிமிரேலாது.
பிறகு தலைச்சுத்து, எழும்பேக்க மட்டும்.
ராவில நாலுதரம் ஒண்டுக்குப் போறன்.
இடப்பக்கத் தோள்மூட்டு, கம்பியால குடையிறமாதிரி.
கால் விறைச்சு
ஆற்றையோ கால்போலக் கிடக்குது."

"இண்டைக்கு ரெண்டைச் சொல்லுங்கோ,
மிச்சம் அடுத்த கிளினிக்குக்கு."
இதைச் சொல்ல எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

"கூறுபோட்டு விக்கேலாது, டொக்டர்.
மொத்தமாய் எடுங்கோ."

எடுத்தேன்.
போன மாதம் சீனி இருநூற்றுப் பதினொன்று.
அதனால் சலம், அதனால் விறைப்பு,
தோள் இறுகுவதும் அதனாலேதான்,
தலைச்சுத்து பிறசர்க் குளிசையால்.
எல்லாம் ஒரு நூலில் ஏறிக்கொண்டன.
நாரி மட்டும் வெளியே நின்றது, நிற்கட்டும்.
நாலு நிமிடத்துக்குள்!
எனக்குள் சின்னதாய் ஒரு பெருமை.

செருப்பைக் கழற்றச் சொல்லி
ஊசிமுனையால் பெருவிரலைத் தொட்டேன்.
"ஐயோ" என்று இழுத்துக்கொண்டாள்.
கையைத் தூக்கச் சொன்னேன்.
கொடியில் உடுப்புப் போடுகிறவள்போல்
சுகமாய்த் தூக்கினாள்.

நான் அவளைப் பார்த்தேன்.
அவள் வாய்ப்பாட்டைப் பார்த்தாள்.

"தோளும் காலும் என்ரை இல்லை.
தம்பியின்ரை. யூட். அட்டை குளிக்கிறவன்.
இஞ்சை வந்தால்
கடலுக்கு இறங்கக்கூடாதெண்டு
நீங்கள் எழுதிப்போடுவியளாம்."

"நாரி?"

"அது என்ரைதான்."

"எத்தினை பாகத்தில குளிக்கிறவர்?"
"பதின்மூண்டு, பதினாலு. நாளைக்கு மூண்டு சிலிண்டர்."
"எப்ப தொடங்கினது?"
"திங்கள் மேல ஏறினாப்பிறகு."

இன்று புதன்.
கோர்த்த நூலை உருவி எடுத்தேன்.
சீனியில்லை இது. ஆழத்தில் ஏறிய காற்று
வெளியே வர வழியில்லாமல்
மூட்டுக்குள் நிற்கிறது.

காணாத உடம்புக்குக் குளிசை எழுதமுடியாது.
வேறொரு தாளில்
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதினேன்.
இண்டைக்கே என்று எழுதி
கீழே இரண்டு கோடு இழுத்தேன்.

"வரமாட்டான், டொக்டர்."
"கடலைப்பற்றி நான்
ஒண்டும் எழுதேல்லை எண்டு சொல்லுங்கோ."
உண்மைதான்.
அங்கே எழுதுவார்கள் என்பதை
அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடிதத்தை அரைக் கொப்பிக்குள் வைத்தாள்.
எழும்பியவள்
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு
கண்ணை மூடினாள்.

இது அவளுடையது.
இதற்கு நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

"எழுபத்துநாலு!" மிஸ்ஸி கூப்பிட்டுவிட்டாள்.
கதவுக்குள் ஒரு கைத்தடி நுழைந்துவிட்டது.

பொறுங்கோ என்று கையைக் காட்டினேன்.
பிறசர்ப் பட்டி
அலுமாரிக்கு மேலே எங்கேயோ கிடந்தது.