வெள்ளையில் வெள்ளை

செவ்வாய்பேட்டை கொலுசுக்கடைக்கு
முகப்புப் பக்கம் செய்கிறேன்.
"பளிச்சுன்னு இருக்கணும், மேடம்"
என்கிறார் குணசீலன்.
பளிச்சுக்கு எண் உண்டா என்றேன்.
சிரித்தார்.
நான் குறித்துக்கொள்ளத்தான் கேட்டேன்.

நிறம் எனக்கு மூன்று எண்கள்.
மூன்றும் பூஜ்யமானால் கறுப்பு,
மூன்றும் இருநூற்றைம்பத்தைந்தானால் வெள்ளை.
நடுவில் எங்கோ ஒரு மாம்பழம்.
அதன் மணம் தெரியும்,
காம்புப் பால் பட்டு உதட்டோரம் எரிந்தது தெரியும்.
அதன் மஞ்சளைத் தட்டச்சு செய்து காட்டினேன்.
"இது மல்கோவா இல்லடி, மஞ்சள்காமாலை"
என்றாள் ரெஹானா.
சிவப்பைப் பதினெட்டு ஏற்றினேன்.
"ஆங், இப்பப் பழுத்துருச்சு."

என் காதுக்குப் பக்கம் என்பது ஒரு நூல்.
மேலிருந்து கீழே
ஒன்று முடிந்து ஒன்று.
உங்களுக்கு எல்லாமே ஒரே நேரத்தில் வருமாமே,
ஐந்து ரோட்டில் ஆறு மணிக்கு
எல்லா பஸ்ஸும் ஹாரன் அடிப்பதுபோல.
எப்படித் தாங்குகிறீர்கள்?
எதை முதலில் பார்ப்பாய் என்று கேட்டேன்.
ரெஹானா இதுவரை யோசித்ததே இல்லை.
டீ ஆறும்வரை பேச்சில்லை.
"பெருசா இருக்கறத.
மூஞ்சி இருந்தா, மூஞ்சிய."

ஏற்காடு பஸ்ஸில்
கொண்டை ஊசி வளைவுகளை இடுப்பால் எண்ணுவேன்.
இரண்டு வளைவுக்கு நடுவே
உடம்பு நேராகும் அந்தக் கொஞ்ச தூரம்தான்
மார்ஜின் என்று
ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிவைத்தேன்.
திங்களன்று அழித்தேன்.
மார்ஜின் இருபத்துநான்கு பிக்சல்.
அவ்வளவுதான்.

தளம் ஏறிய முதல் நாள்
ஒருவர்கூட விலை கேட்கவில்லை.
நான் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தேன்.
"விலை கேட்க, பொத்தான்" என்றது குரல்,
பிசிறில்லாமல்.
அழுத்தினால் திறந்தது.
குணசீலன் போனில் கத்தினார்.
ரெஹானா வந்து குனிந்து பார்த்து
ஒரே சொல் சொன்னாள்:
"காணோம்."

மாம்பழ மஞ்சளின் பெயரில்
ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
பின்னணி உதிர்ந்து
வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து.
சரிசெய்ய அரை நிமிஷம்.
இப்போதெல்லாம் எழுத்துக்கும் பின்னணிக்கும்
வேறுபாடு நாலரை மடங்காவது இருக்கிறதா என்று
கணக்குப் பார்க்காமல் எதையும் ஏற்றுவதில்லை.

குணசீலனிடம் மன்னிப்புக் கேட்டேன்.
ஆனாலும்
இந்த ஊரில் அத்தனை கண்கள் இருக்க
காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை
அந்தப் பொத்தான்
எனக்கு மட்டும் தெரிந்தது.