கிண்ணத்து நாலு

தலைவலி மாத்திரை டப்பாவில் எனக்கு எழுத்து உண்டு.
லிஃப்ட் பொத்தானில் உண்டு.
ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறைக் கதவிலும் உண்டு.
நாற்பது சீட்டு உள்ள கட்டில்
ஒரு புள்ளிகூடக் கிடையாது.
வலிக்கு வழி செய்தவர்கள்
வம்புக்கு வழி செய்ய மறந்துவிட்டார்கள்.

பாயியா பிளாங்காவில், ரயில்வே கிளப்பின் பின்னறையில்,
துறைமுகக் காற்று ஜன்னலை உலுக்கும் வெள்ளிக்கிழமைகளில்
ட்ரூக்கோ ஆடுவார்கள்.
மூன்று வருடம் நான் அங்கே கொண்டைக்கடலை எண்ணினேன்:
வென்றவர் பக்கம் ஒன்று,
பந்தயம் ஏறினால் இரண்டு.
ஒப்புக்குச் சப்பாணி.
கடலை எண்ணுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று
ஒஸ்வால்டோ மனதாரப் புகழ்வார்.
அவர் தலையில் அந்தக் கிண்ணத்தைக் கவிழ்க்கலாமா என்றிருக்கும்.

ஒரு ராத்திரி தகடும் ஊசியும் எடுத்து உட்கார்ந்தேன்.
முதுகுப் பக்கமிருந்து குத்த வேண்டும், வலமிருந்து இடமாக;
எழுத்து அந்தப் பக்கம்தான் பிறக்கும்.
எட்டும் ஒன்பதும் இல்லாத கட்டு.
ஆனாலும் விடிந்துவிட்டது.
பொன் ராஜாவின் தாடியில் ஓட்டை என்றான் அன்செல்மோ.
இருக்கட்டும், அவருக்கென்ன
கல்யாணமா ஆகவேண்டும்?

முதல் வாரம் நான் சீட்டுப் போட்டேன்,
நானும் அன்செல்மோவும் வரிசையாக ஜெயித்தோம்.
இரண்டாம் வாரம் ஒஸ்வால்டோ கையை மேஜையில் அடித்தார்.
"இவள் சீட்டுப் போடும்போதே
எல்லார் கையையும் விரலால் படித்துவிடுகிறாள்!"

அறை அமைதியாகிவிட்டது.
எர்மெலிண்டா, பாவம்,
"அப்படிச் சொல்லலாமா" என்று தொடங்கினாள்.
நான் தடுத்தேன்.
முப்பத்து நான்கு வயதில் முதல்முறையாக
ஒருவர் என்னைத் திருடி என்கிறார்,
கொஞ்சம் அனுபவிக்க விடுங்களேன்.
(படிக்கத்தான் செய்தேன்.
எல்லாம் இல்லை. பாதி.)

அன்றிலிருந்து என் முறை வந்தால் கம்பளிக் கையுறை.
ஜனவரி வெயிலில்,
மின்விசிறி அனலைச் சுற்றிச் சுற்றி அடிக்க,
குளிர்காலத்துக் கையால் கட்டைக் கலைப்பேன்.

ஆனால் ட்ரூக்கோ பாதி சீட்டில், மீதி முகத்தில்.
கூட்டாளிக்கு மட்டும் தெரிய
புருவம் உயர்ந்தால் வாள் ஏஸ்,
கண் சிமிட்டினால் தடி ஏஸ்,
கீழுதடு கடித்தால் மூன்று.
எதிராளி பார்த்துவிட்டால் போச்சு.
அன்செல்மோ எனக்குக் கண்சாடை காட்டி என்ன பயன்?
கால்சாடை வைத்துக்கொண்டோம்,
குதிகால் ஒரு தட்டு, பெருவிரல் ஒரு அழுத்து.
ஒஸ்வால்டோ குனிந்து பார்க்கலாம்; அது அவர் உரிமை,
அவர் முழங்கால் அனுமதித்தால்.

பதிலுக்கு நான் காட்ட முகம் வேண்டுமே.
அவன் முகத்தைத் தொட்டுத்தான் கற்றேன்.
புருவம் எவ்வளவு ஏறினால் சாடை,
எவ்வளவு ஏறினால் வெறும் ஆச்சரியம் என்று
மூன்று மாலை, அவன் நெற்றியில் என் விரல்.
சவரக்கட்டி வாசனை.
சிரிக்காதே, கணக்குத் தப்புகிறது என்பேன்.

நேற்று ஆளுக்கு இருபத்தாறு.
கடைசிச் சீட்டு. விரலை வைத்தேன்.
மூன்று புள்ளி: நாலு.
இரண்டு புள்ளி: கிண்ணம்.
கிண்ணத்து நாலு,
குப்பைக்கும் கீழே ஒரு சீட்டு.

அன்செல்மோ பக்கம் திரும்பி
புருவத்தை உயர்த்தினேன், கொஞ்சமாக,
கொஞ்சம் தாமதமாக இறக்கினேன்.
யார் பார்த்தார்கள்?
எனக்கெப்படித் தெரியும்?
அந்தப் பக்கம் மாத்தே குழலை உறிஞ்சும் சத்தம்
பாதியில் நின்றது.

"ட்ரூக்கோ!" என்றேன்.

நாற்காலி கிறீச்சிட்டது.
வெளியே சரக்கு ரயில் ஒன்று நிதானமாகப் போய் முடிந்தது.
"வேண்டாம்" என்றார் ஒஸ்வால்டோ.
விட்டெறிந்தது வாள் ஏழு என்று
எர்மெலிண்டா அலறித்தான் தெரிந்தது.

"உன்னுடையதைக் காட்டு."
"காட்ட வேண்டுமென்று விதி இல்லை."
"காட்டேன், தாயே!"

நாலைக் கட்டுக்குள் சொருகினேன்.
கிண்ணத்துக்குள் கைவிட்டு
ஒரே ஒரு கடலையை எடுத்து
என் பக்கம் வைத்தேன்.
பிறகு கையுறையைத் தேடினேன்.