ஆறு ஃபிரேம்

வ்ரோத்ஸ்வாஃபில் மார்ச்.
குளிர்கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் மைக்.
கீழே டிராம் கடக்கும்வரை
பேச்சு நிற்கும்.

முதல் இருபது நிமிடம் செய்தி,
இது போக்னாவின் கணக்கு.
வியாழனுக்குள் திரிந்துவிடும் பால் என்பான் டிமோன்.
அவனுக்குப் பாடம் வேண்டும்:
குதிப்பது, மோதுவது, நிழல் விழுவது,
மூன்று வருடம் கழித்துக் கேட்டாலும் கெடாதது.

வெட்டி ஒட்டுபவள் நான்.
இருவரிடமும் நிமிடம் திருடுவேன்.

இந்த வாரம்
ஒட்ரா ஆற்றுக்கு அக்கரையில் ஒரு ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள்.
நாற்பத்தொரு பேர்.
எண்ணைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள் போக்னா.
அந்த மடக்கை நான் வெட்டவில்லை.

அடுத்து டிமோன்:
"விளிம்பு முடிந்து
கால் காற்றில் நின்ற பிறகும்
ஆறு ஃபிரேம் வரை
குதிக்கும் பொத்தானை ஏற்றுக்கொள்.
நொடியில் பத்தில் ஒன்று.
இருப்பது யாருக்கும் தெரியாது,
எடுத்துப் பார், எல்லோரும் திட்டுவார்கள்."

இரண்டுக்கும் நடுவே
வழக்கமாக ஒரு மணியோசை வைப்பேன்.
வைக்கக் கை வரவில்லை.
அப்படியே அனுப்பினேன்,
ஐம்பத்திரண்டு நிமிடம், கொஞ்சம் டிராம் சத்தத்தோடு.

திங்களன்று மின்னஞ்சல்.
நாற்பத்தொருவரில் ஒருத்தி, எவெலினா.
செய்தியைப் பற்றி ஒரு சொல் இல்லை.
பாடத்தில் பிழையாம்:
"ஆறு போதாது.
எட்டு வையுங்கள்."