பெறப்பட்ட விதம்

தக்கலை வாசகசாலையின் மாடியில் இரண்டு அறை.
ஒன்றில் மழை ஒழுகும்.
மற்றதில் நானூற்றுப் பன்னிரண்டு பொருள்.
பொருள் ஒன்றுக்கு எனக்கு எட்டு ரூபாய்:
படம் எடுக்க, அளக்க, எடை போட,
இணையத்தில் ஏற்ற.
நெட் கிடைக்கும் மூலையில்
ஒரு பட்டாளப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறேன்.
பெட்டியும் ஒரு பொருள்தான். எண் 88.
ஏற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மென்பொருளுக்குக் காலி இடம் பிடிக்காது.
சிவப்பு நட்சத்திரம் போட்டு
சில்லறைக்குக் கைநீட்டும் கண்டக்டர் மாதிரி
நகராமல் நிற்கும்.

எண் 212. மணிக்கோல்.
நீளம் நூற்றெட்டு சென்டிமீட்டர்.
தலையில் ஐந்து மணி, ஒன்றுக்கு நாக்கில்லை.
அஞ்சல் பை சுமந்து ஓடியவர் கையில் இருந்தது.
இரும்புப் பூணில் வெட்டியிருக்கிறது:
1108 மார்கழி.

காலம் என்ற கட்டத்தில் 1108 தட்டினேன்.
கொண்டுபோய்ச் சோழர் பக்கத்தில் வைத்தது.
கொல்லம் ஆண்டென்று அதற்கு யார் சொல்ல.
எண்ணூற்று இருபத்துநாலைக் கூட்டினால் முப்பத்திரண்டு.
மார்கழி பாதியில் ஜனவரி பிறந்துவிடும்,
இன்னும் ஒன்று கூட்டினால் முப்பத்துமூன்று.
ஒரே மாதம்
இரண்டு வருடத்தில் கால் வைத்து நிற்கிறது.
1932 போட்டு ஒரு கேள்விக்குறியும் வைத்தேன்.
கேள்விக்குறியை அது வாங்கவில்லை.

மாநிலம்?
பட்டியலில் திருவிதாங்கூர் இல்லை.
தமிழ்நாட்டைத் தொட்டேன்.
சாய்த்து வைத்த சுவரை விட்டு அசையாமலே
ஐம்பத்தாறில் எல்லை தாண்டிய கோல்.

கொடுத்தவர் பெயர், கட்டாயம்.
பதிவேட்டை விரித்தேன்.
பழைய செயலாளர் பொன்னையனின் நீல மை.
மற்றவர்களுக்கெல்லாம் வீட்டுப்பெயர், ஊர்,
சிலருக்குச் சாயா குடித்துப் போனாரா என்பது வரை இருக்கிறது.
212க்கு நேரே இரண்டே சொல்:
நம்ம ஆளு.

வில்பிரட் சாரிடம் கேட்டேன்.
"பொன்னையனுக்கு இந்த ஜில்லாவே நம்ம ஆளுதான் பிள்ளே."
அப்படியே அடித்தேன்.
பெறப்பட்ட விதம்: கொடை.
வெளியிடு.
பச்சையாய் ஒரு டிக்.
எட்டு ரூபாய்.
கீழே இறங்கிப் பழம்பொரி தின்றேன்.

பதினோராம் நாள் மஸ்கட்டிலிருந்து மின்னஞ்சல்.
ஸ்டெல்லாபாய், நர்ஸ்.
"நம்ம ஆளு என் அப்பா. பெயர் தாசையன்.
கோல் அவருடைய அப்பாவுடையது.
கொடுக்கவில்லை.
எனக்கு மஞ்சள்காமாலை வந்த வருடம்
பொன்னையன் சாரிடம் வைத்து இருநூறு வாங்கினார்.
ரூபாய் சேர்ந்து மீட்கப் போனால்
அதற்கு நம்பர் ஒட்டிக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்களாம்.
நம்பர் போட்டதை எப்படிக் கேட்க என்று
திரும்பி வந்துவிட்டார்.
கோல் வேண்டாம்,
இந்த ஃப்ளாட்டில் எந்த மூலையில் வைப்பேன்.
அடிப்பக்கம் ஒரு படம் எடுத்து அனுப்புவீர்களா?
பல் முளைக்கும்போது நான் கடித்த தடம் இருக்கும்."

இருந்தது.
நிலை என்ற கட்டத்தில்
நான் ஏற்கனவே எழுதியிருந்தேன்:
கீழ்முனையில் எலி கடித்த சேதம், சிறிது.

அதை அழித்தேன். கொடுத்தவர் பெயரைத் திருத்தினேன்.
பிறகு பெறப்பட்ட விதம்.
அம்பை அமுக்கினால் ஐந்து விழுகிறது:
கொடை, விலை, பரிமாற்றம், கண்டெடுப்பு, கடன்.
அடமானம் இல்லை.
கடன் என்று தமிழாக்கியவர்
இரவலைத்தான் நினைத்திருப்பார்.

வில்பிரட் சார் கண்ணாடியைக் கழற்றித்
துடைத்துக்கொண்டே இருந்தார்.
"இருநூறு, வட்டியோட இப்போ எவ்வளவு வரும்?"
"யாரு யாருக்குத் தரணும் சார்?"
அந்நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.
ஒழுகும் அறையின் வாளியில்
சொட்டு விழும் சத்தம் மட்டும்.

கரண்ட் வந்ததும்
கொடையை எடுத்துவிட்டுக் கடனைத் தொட்டேன்.
உடனே கீழே புதிதாய் ஒரு கட்டம் திறந்தது,
சிவப்பு நட்சத்திரத்தோடு:

திருப்பித் தர வேண்டிய தேதி.