ஒன்றுக்கு

ஏழாம் கட்டிலில் லெய்செர்.
புவெனோஸ் ஐரெஸில், ஓன்சேயில், துணிக்கடைக்காரர்.
நாற்பது வருடம் முழம்போட்ட கை
இப்போது போர்வை ஓரத்தை
அளந்து அளந்து மடிக்கிறது.

நான்கு வருடமாக அவருக்கு ஒன்றுக்கு வரவில்லை.
வாரம் மூன்று நாள்
இயந்திரம் ரத்தத்தை வெளியே எடுத்து
அலசி உள்ளே அனுப்பும்.
ஜனவரிப் புழுக்கத்திலும்
நாளைக்கு மூன்று தம்ளர் தண்ணீர்தான்.

"எங்களிடம் ஒரு பிரார்த்தனை இருக்கிறது, நில்டா.
கக்கூஸிலிருந்து வந்து கைகழுவியதும் சொல்வது.
உடம்பிலுள்ள ஓட்டைகளுக்காக."
நான் சிரித்துவிட்டேன். அவரும்.
"பையனாக இருந்தபோது
பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில்
பாதியை விழுங்கிவிட்டு ஓடுவேன்.
எட்டுத் தடவை சொன்ன நாட்கள் உண்டு.
இப்போது ஒன்று.
மலச்சிக்கல் வந்தால் அதுவும் இல்லை."

என் ஜெபமாலையும் பேருந்தில்தான்.
மூன்றாவது மணியில் தூங்கிவிடுவேன்.
இதை அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
மின்தூக்கியில் குளிர்பெட்டி ஏறி வந்தது.
யாருடையது என்று நாங்கள் கேட்பதில்லை.
முதல் ஐந்து நாள் குழாய் வழியாகப் பையில் இறங்கியது.
மருத்துவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள்.
லெய்செர் மட்டும்
"அது பை போனது, நான் போனதல்ல" என்றார்.

குழாயை எடுத்தேன்.
பகல் முழுக்க ஒன்றுமில்லை.
பைப்பைத் திறந்து தண்ணீர் ஓடவிட்டேன்,
குழந்தைகளுக்குச் செய்வதுபோல.

விடிகாலை மூன்று பத்துக்கு மணியடித்தார்.
ஓடினேன்.
குவளையை நீட்டினார், பேச்சில்லாமல்.

அப்புறம் கைகழுவினார்.
ஒரு கையால் சலைன் கம்பியைப் பிடித்து
ஒவ்வொரு சொல்லாக
விலையுயர்ந்த துணியை வெட்டுமுன் விரிப்பதுபோல
விரித்துச் சொன்னார்.
ஓரிடத்தில் மறந்துபோய்
மறுபடி முதலிலிருந்து.

குவளையைக் கீழே வைக்கலாமா கூடாதா
தெரியாமல் நின்றேன்.
பிளாஸ்டிக்கைத் தாண்டிச் சுட்டது.
அத்தனை எபிரேயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்
கடைசியில் வந்தது.
ஆமென், நானும் சொன்னேன்.

குறிப்பேட்டில்
பத்துப் பத்தாகத்தான் எழுதுவோம்,
ஐம்பது, அறுபது என்று.
யார் பார்க்கப் போகிறார்கள்?
அன்றைக்குக் குவளையைத் தரையில் வைத்து
முழங்காலிட்டு
கோட்டுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோனேன்.

3:10. ஐம்பத்தேழு.

நான்காம் கட்டிலில் யாரோ மணியடிக்கிறார்கள்.