நாற்பத்தொன்றாம் எண் பாலம்

மேலே நின்று பார்ப்பவர்கள்
ஆற்றைப் பார்க்கிறார்கள், பாலத்தை அல்ல.
நான் அடியில் இறங்குகிறேன்.
மார்ச் மாதம். கோக்-சூ ஓரங்களில்
பனிக்கட்டி இன்னும் பிடியை விடவில்லை.
ஏணியைப் பிடித்துக்கொள்ள எர்மெக்,
வாயில் சூரியகாந்தி விதை, காதில் பாட்டு.

சுத்தியலால் தட்டினால்
நல்ல கான்கிரீட் கணீரென்னும்.
உள்ளே விட்டுப்போனது
பொத்தென்று முனகும்.
சந்தையில் தர்பூசணி தட்டி விற்கிறவளுக்கும் எனக்கும்
சம்பாத்தியத்தில்தான் வித்தியாசம்;
அவளுக்கு அதிகம்.

இரண்டாம் தூணில்
வடிகால் குழாயை மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் அடைத்திருக்கின்றன.
கம்பி விட்டுக் குடைந்தேன்.
பாதி உறைந்த கறுப்புத் தண்ணீர்
சட்டைக்கைக்குள் புகுந்து அக்குள்வரை வந்தது.
தாங்கியின் ரப்பர் ஓரம் பிதுங்கியிருந்தது.
‘பிதுக்கம், லேசாக’ என்று எழுதினேன்.

பிறகு அந்த விரிசல்.
உத்திரத்தின் வயிற்றில், தலைமுடிபோல.
அது முடிந்த இடத்தில்
ஆறு வருடம் முன்பு நான் போட்ட மஞ்சள் மெழுகுக் கோடு, தேதியோடு.
கோட்டைத் தாண்டி
ஒரு சாண் நடந்திருக்கிறது.
அளவுத் தகட்டை வைத்தேன்:
அரை மில்லிமீட்டர்.

பழைய படிவங்களைப் புரட்டினேன்.
போன வருடம்: முன்போலவே.
அதற்கு முந்தி: முன்போலவே.
அதற்கும் முந்தி: முன்போலவே, ஏணியில் ஒரு படி உடைவு.
முன்போலவே, இருட்டிவிட்டது.
முன்போலவே.
ஐந்து தாள், ஒரே கை.
அந்தக் கைதான் இப்போது தாளைப் பிடித்திருக்கிறது.

அந்நேரம் மேலே நிலக்கரி லாரி ஒன்று போனது.
விரிசல்மேல் விரல் வைத்திருந்தேன்.
திறந்து, மூடியது.
யாரிடமும் சொல்லாமல் இத்தனை நாளும்
மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

“எர்மெக், பாட்டை நிறுத்து.
பத்து டன் பலகை இருக்கிறதா?”
“இருபதுதான் இருக்கிறது, வேறு பாலத்துக்கு.”
இரண்டின் கழுத்தையும் வாலையும்
வெள்ளையடித்து மறைத்தோம்.
ஒல்லியாக, கொஞ்சம் கோணலாக
ஒன்று மிஞ்சியது.

அடுத்த லாரிக்காரர் இறங்கிவந்தார்.
“நேற்றுவரைக்கும் போனேனே!”
“ஆமாம், நேற்றுவரைக்கும்.”
சுற்றுவழி நாற்பது கிலோமீட்டர்,
அதில் பாதி சேறு.
புகார் கொடுக்க என் பெயரைக் கேட்டார்.
புருல்கான் ஜானிபெக்கோவா.
அவர் பேனா எழுதாமல் சண்டித்தனம் செய்தது.
என்னுடையதைக் கொடுத்து
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.